இரண்டு வயர் இருந்தும் சர்வர் ஏன் அணைந்தது?

1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி தீபகற்ப மலேசியா முழுக்க கரண்ட் போனதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த மாதிரி நாளிலும் அணையக்கூடாது என்றுதான் டேட்டா சென்டரிலும் ஆஸ்பத்திரியிலும் யுபிஎஸ், ஜெனரேட்டர் எல்லாம் வைக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த கூத்து வேறு. கோலாலம்பூரில் ஒரு சர்வர் அறை, வெளியே ஊரெல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இருண்டது.

கரண்ட் வரும் வழி இதுதான்: 11,000 வோல்ட்டில் வருவதை டிரான்ஸ்பார்மர் 400 வோல்ட் மும்முனை மின்சாரமாகக் குறைக்கும், அது யுபிஎஸ் வழியாக, சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் ராக்குக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக நிற்கும் பி.டி.யு.வுக்கு வரும். மின்பகிர்வுப் பெட்டி. பார்க்க டிவிக்குப் பின்னால் கிடக்கும் எக்ஸ்டென்ஷனுக்குப் பெரியண்ணன் மாதிரிதான் இருக்கும், ஆனால் சுமை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரும் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் மீட்டரும் கூடவே இருக்கும். ஒவ்வொரு ராக்கிலும் ஏ, பி என்று இரண்டு, தனித்தனி யுபிஎஸ்ஸிலிருந்து. சர்வருக்கும் இரண்டு பவர் சப்ளை; ஒன்று ஏ பக்கம், ஒன்று பி பக்கம். (இரண்டையும் ஒரே பி.டி.யு.வில் சொருகிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களும் உண்டு, அது தனிக்கதை.)

கோயில் அன்னதானத்தில் சாம்பார் அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் கையை விட்டால் மொத்த கனமும் மற்றவர் கையில்தான். இங்கேயும் அதேதான். அந்த அறையில் இருந்தவை 32 ஆம்பியர் பி.டி.யு. நாள் முழுக்க ஓடும் சுமையை 80 சதவீதத்துக்குள், அதாவது 25.6 ஆம்பியருக்குள் வைப்பது வழக்கம். இரண்டு மீட்டரும் 24 காட்டின. எல்லாம் பச்சை விளக்கு, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்புறம் யுபிஎஸ் வேலைக்காக ஏ பக்கத்தை நிறுத்தினார்கள். பி தலையில் 48 விழுந்தது.

உடனே டிரிப் ஆகியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஆகவில்லை. ஷார்ட் சர்க்யூட் என்றால் பிரேக்கருக்குள் இருக்கும் மின்காந்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துத் துண்டித்துவிடும். இது ஒன்றரை மடங்கு சுமைதான், அதைக் கவனிப்பது இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு சின்னத் தகடு. சூடாகச் சூடாக ஒன்று அதிகமாக விரியும், இன்னொன்று குறைவாக விரியும், தகடு மெல்ல வளைந்து கொக்கியைத் தட்டிவிடும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். "சரி, பி தாங்குது" என்று தே தாரிக் குடிக்கப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் ராக் முழுக்க அமைதி.

ஆக, ஒரு பக்கத்துக்கு உண்மையான எல்லை 25.6 இல்லை, அதில் பாதி: 12.8.

திரும்ப ஆன் செய்யும்போது இன்னொரு தலைவலி. எல்லா சர்வரும் ஒரே நொடியில் எழுந்தால் முதல் இழுப்பே பலமாக இருக்கும், மறுபடி டிரிப் ஆகலாம். நல்ல பி.டி.யு.வில் ஒவ்வொரு துளையையும் சில நொடி விட்டு விட்டு ஆன் செய்யும் வசதி உண்டு. அங்கே அது இல்லாததால், ஒருவர் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு பிளக்காகச் சொருகினார். மறுவாரம் பாதி சர்வர்கள் பக்கத்து ராக்குக்குப் போயின. இப்போது மீட்டர் 12 காட்டுகிறது.