போர்ட்ஃபோலியோ: சட்டைப்பையிலிருந்து சந்தைக்கு

புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். வங்கி வைப்புத்தொகை ரசீதுகளை ஓரம் தேய்ந்த தோலுறை ஒன்றில் மடித்து வைத்திருக்கிறார். அதற்கு அவர் சொல்லும் பெயர் 'போர்த்ஃபேய்'.

போர்ட்ஃபோலியோவின் பிரெஞ்சு வடிவம்தான் அது. போர்ட்ஃபோலியோவுக்கு மூலம் ஒரு இத்தாலியச் சொல்: 'போர்த்தாரே' என்றால் சுமத்தல், 'ஃபோல்யோ' என்றால் தாள். தாள் சுமக்கும் உறை. பிரெஞ்சில் மணிபர்ஸ், பங்குகளின் தொகுதி, அமைச்சரின் பொறுப்பு மூன்றுக்கும் இந்த ஒரே சொல்தான். அமைச்சருக்கு நாம் 'இலாகா' என்கிறோம். அது அரபு மூலமுடையது. பங்கு, கடன்பத்திரம், தங்கம், வைப்புத்தொகை எல்லாம் சேர்ந்த போர்ட்ஃபோலியோவுக்குத் தமிழில் 'முதலீட்டுத் தொகுப்பு' என்பதே பொருத்தம். 'கோப்பு' என்றால் அலுவலக வாடை அடிக்கிறது.

தொகுப்பு எப்படி அமைய வேண்டும் என்பதைச் சொல்வது 'ரிஸ்க் டாலரன்ஸ்', அதாவது ஏற்ற இறக்கத்தை ஒருவர் எவ்வளவு தாங்குவார் என்பது. இதை 'அபாய சகிப்புத்தன்மை' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அபாயம் என்பது மின்மாற்றியில் மண்டையோட்டுடன் எழுதியிருக்கும் சொல்; பார்த்ததும் விலகிப் போக வேண்டும். தெரிந்தே ஏற்கும் ஏற்ற இறக்கத்துக்கு 'இடர்' போதும். ஆகவே, 'இடர் தாங்குதிறன்'.

தாங்க வேண்டியது பையா, மனமா? சொல்தாவுக்கு மாதந்தோறும் பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் வருகிறது, கடன் இல்லை. பை தாங்கும். ஆனால் 2020 மார்ச் 23 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல், ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்ததே, அப்படி ஒரு நாளை அவர் மனம் தாங்காது. கையில் சேமிப்பே இல்லாமல் சிறு நிறுவனப் பங்குகளில் பாயும் இளைஞர்களுக்கு நிலைமை நேர்மாறு. பை தாங்குவதை 'இடர் ஏற்கும் வலு' என்றும், மனம் தாங்குவதை மட்டும் 'தாங்குதிறன்' என்றும் பிரித்து எழுதலாம். 'மனத்தாங்கல்' என்று சுருக்கிவிடாதீர்கள். அது சண்டையில் முடியும்.

வகைகளுக்குத் துணிவுத் தொகுப்பு, நடுத்தரத் தொகுப்பு, காப்புத் தொகுப்பு என்று சொல்லலாம். அளவுக்கு ஒரு கைப்பிடி வேண்டுமானால், பங்கும் கடன்பத்திரமும் கலந்த பரஸ்பர நிதிகளுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2017-இல் வகுத்த வரம்புகளைப் பாருங்கள்: துணிவு வகையில் பங்கு 65 முதல் 80 சதவீதம், நடுத்தரத்தில் 40 முதல் 60, காப்பு வகையில் 10 முதல் 25. சொல்தாவிடம் அந்தக் கடைசி வகையைச் சொல்லிப் பார்த்தேன். பத்து சதவீதமே அதிகம் என்றார்.