நெஞ்செரிச்சல் மாத்திரையும் நுரையீரலும்

நெஞ்சக நோய்ப் பிரிவில் என்னிடம் வரும் முதியவர்களின் மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தால் பெரும்பாலும் பாண்டோபிரசோலோ ஒமிபிரசோலோ ரபிபிரசோலோ இருக்கும். எதற்கு என்று கேட்டால், "அது கேஸ் மாத்திரை டாக்டர், காலையில் வெறும் வயிற்றில் போடுவது" என்பார்கள். யார் எழுதித் தந்தார், எத்தனை வாரத்துக்கு என்பது வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. மூட்டுவலிக்குத் தந்த வலி மாத்திரைக்குத் துணையாக வந்திருக்கும்; வலி மாத்திரை நின்ற பிறகும் இது தொடர்ந்திருக்கும்.

இரைப்பை அமிலம் நாம் விழுங்கும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்கிறது. இம்மாத்திரைகள் அந்த அமிலச் சுரப்பைத் தடுப்பதால் கிருமிகள் இரைப்பையில் பிழைத்துப் பெருக முடிகிறது. இன்னொன்றும் உண்டு: மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறதே தவிர எதுக்களிப்பை நிறுத்துவதில்லை. உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை தளர்ந்தவருக்கு இரைப்பையில் உள்ளது மேலே வந்துகொண்டேதான் இருக்கும். எரிச்சல் இல்லாததால் அவருக்குத் தெரியாது. தூக்கத்தில் அதில் சில துளிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் கிருமிகளும் கூடவே இறங்குகின்றன.

இதனால் நிமோனியா வருமா? நெதர்லாந்தில் நடந்து 2004இல் வெளியான பெரிய ஆய்வு, இம்மருந்து எடுப்பவர்களிடம் நிமோனியா ஏறத்தாழ இரு மடங்கு காணப்பட்டதாகச் சொன்னது. பின்வந்த ஆய்வுகளில் முதல் மாதத்தில்தான் அபாயம் மிகுதியாகத் தெரிந்தது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் எழுகிறது. நிமோனியா தொடங்கும்போது வரும் இருமலையும் நெஞ்சு வலியையும் நெஞ்செரிச்சல் என்று எண்ணி மாத்திரை தொடங்கியவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பார்கள். 2019இல் வெளியான ஆய்வில் 17,000க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பாண்டோபிரசோலும் மற்றதற்கு மருந்தில்லாத மாத்திரையும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கொடுத்தார்கள். குடல் தொற்று சற்றுக் கூடியது. நிமோனியாவில் வேறுபாடு இல்லை. ஆகவே நடமாடும், நன்றாக விழுங்கும் ஒருவர் நிமோனியாவுக்கு அஞ்சி இம்மாத்திரையை வீசியெறிய வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் நிலையான இதய, இரத்தக்குழாய் நோயாளிகள். என் கவலையெல்லாம் பக்கவாதத்தால் படுக்கையில் கிடப்பவர்கள், மூக்குக்குழாய் வழியாக உணவு பெறுபவர்கள், பார்கின்சன் நோயால் விழுங்கத் தடுமாறுபவர்கள் பற்றித்தான். இவர்களால் உள்ளே இறங்கியதை இருமி வெளியேற்ற முடியாது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், அமிலம் குறைக்கும் மருந்து பெற்ற உள்நோயாளிகளுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. இப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், மாத்திரை இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். படுத்த நிலையில் கஞ்சி புகட்டவே கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பிறகும் ஒரு மணி நேரமாவது சாயவிடாதீர்கள். இரவில் தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள். தினமும் இரு வேளை வாயைச் சுத்தம் செய்யுங்கள்; பல் இல்லாதவருக்கும் இது வேண்டும், ஏனெனில் நுரையீரலுக்கு இறங்கும் கிருமிகளில் பல வாயில் வளர்பவை.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று இம்மருந்து கொடுப்பதையும் நான் ஏற்பதில்லை. எதுக்களிப்பு அறிகுறி இல்லாத 306 ஆஸ்துமாக் குழந்தைகளிடம் இதே வகை மருந்தான லான்சோபிரசோலைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில் ஆஸ்துமா குறையவில்லை; சளி, தொண்டை வலி போன்ற சுவாசத் தொற்றுகள் கூடின. பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், கேஸ் மாத்திரை வாங்கும் முன் சளியில் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளையே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் எடுப்பவர்களுக்கும், இரைப்பையில் இரத்தக் கசிவு வந்தவர்களுக்கும் இது உயிர்காக்கும் மருந்து. மற்றவர்களுக்குச் சாதாரண எதுக்களிப்பென்றால் 4 முதல் 8 வாரம் பெரும்பாலும் போதும். பல மாதங்கள் எடுத்ததைச் சட்டென நிறுத்தினால் அமிலம் சில வாரங்களுக்கு முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். அந்த எரிச்சலை நோய் திரும்பியதாக எண்ணி மீண்டும் தொடங்குபவர்கள் அதிகம். மருத்துவர் சொற்படி அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். முதியவருக்கு நிமோனியா வந்தால் காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம்: திடீர்க் குழப்பம், அரைமயக்கம், சாப்பிட மறுத்தல், வேகமான மூச்சு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.