காலிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம்? பல் கிளினிக்கில் சிகிச்சைத் திட்டப் படிவம்

செவ்வாய்க்கிழமை வேர் சிகிச்சைக்கு ஒரு கன்சல்டன்ட், வெள்ளிக்கிழமை ஈறு நிபுணர், ஞாயிறு காலை கிளிப் போட ஒருவர், மற்ற நேரமெல்லாம் கிளினிக்கின் சொந்த டாக்டர். தமிழ்நாட்டில் பல சிறு பல் கிளினிக்குகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஒரே வாயை நான்கு பேர் பார்த்து நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஒருவர் கேஸ் ஷீட்டில் '36 ஆர்.சி.டி.' (36-ஆம் எண் பல்லுக்கு வேர் சிகிச்சை) என்று கிறுக்கிவிட்டுப் போகிறார். அடுத்தவர் அதே பல்லைக் 'கீழ் இடது 6' என்கிறார். மூன்றாமவர் எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் 'பார்த்துக்கோங்க' என்கிறார். நோயாளிதான் பாவம், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைச் சரிசெய்யத்தான் கணினியில் டெம்ப்ளேட், அதாவது கட்டம் கட்டமாக நிரப்பும் மாதிரிப் படிவம், போடுகிறோம். கிளினிக் மென்பொருள் வாங்கினால் கூடவே சில டெம்ப்ளேட்டுகளும் வந்துவிடும். ஆனால் மோசமான டெம்ப்ளேட் வெறும் தாளைவிட ஆபத்தானது. தாளில் எழுதாமல் விட்டது விட்டதாகவே தெரியும். டெம்ப்ளேட்டிலோ பார்க்காத இடமும் பார்த்ததாக அச்சாகிவிடும்.

'மென்திசு: இயல்பு. நாக்கு: இயல்பு. தாடை மூட்டு: இயல்பு.' திறந்தவுடன் இந்த வரிகள் தாமாகவே நிரம்பியிருக்கும் டெம்ப்ளேட்டுகள் உண்டு. சொத்தைப் பல்லுக்கு வந்தவரின் சொத்தையை மட்டும் குறித்துவிட்டு டாக்டர் 'சேமி' அழுத்துகிறார். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைப் படை இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை, பதிவு மட்டும் 'இயல்பு' என்கிறது. புகையிலை போடுகிறவர்கள் வந்துபோகும் கிளினிக்கில் இதைச் சின்னத் தவறு என்று விட முடியாது. ஆறு மாதம் கழித்து அந்த இடத்தில் புண் பெரிதானால், பார்த்து நன்றாக இருந்ததாக நாமே கையெழுத்துப் போட்டிருப்போம்.

ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நிலை வையுங்கள்: உண்டு, இல்லை, பார்க்கவில்லை. திறக்கும்போது எல்லாம் 'பார்க்கவில்லை'யில் இருக்க வேண்டும். போன தடவைப் பதிவை நகலெடுக்கும் பொத்தானைப் பரிசோதனைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முகவரிக்கும் வயதுக்கும் அது போதும்.

மாத்திரையைக் கேளுங்கள், நோயை அல்ல

'பிபி, சுகர் இருக்கா?' என்று கேட்டால் 'இல்லை' என்று பதில் வரும். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பதால் அவர் கணக்கில் அது இல்லைதான். 'தினமும் என்ன மாத்திரை போடுறீங்க? சீட்டு இருக்கா?' என்று கேட்டால் உண்மை வெளியே வரும். சீட்டைப் படம் பிடித்துப் பதிவில் சேர்க்க ஓர் இடம் வையுங்கள். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையின் பெயர் கண்ணில் பட்டாலே, ஈறு ஏன் தடித்திருக்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மாத்திரைப் பட்டியலில் வராத ஒன்றுக்குத் தனிக் கட்டம் வேண்டும்: எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி. சோலெட்ரோனிக் அமிலம் வருடத்துக்கு ஒரு முறைதான் ஏற்றப்படுகிறது. நோயாளி அதை 'மருந்து சாப்பிடுவதாக' நினைப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார். பல் பிடுங்கிய குழி ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலைக்கு இந்த வகை மருந்துகள் கொண்டுபோகலாம். 'எலும்புக்கு ஊசி போட்டீர்களா, கடைசியாக எப்போது?' என்று அதே சொற்களில் கட்டத்தில் இருக்கட்டும்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவோடு அது எடுத்த தேதியையும் கேட்காமல் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது. பல் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் எடுத்த அளவு நல்லது. நீண்ட நாளாக நிலையாக இருப்பவருக்கு 72 மணி நேரம் வரை ஏற்கலாம். எண் 4-க்குக் கீழே இருக்க வேண்டும். இருதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவரிடம், ரத்தம் கட்டாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரெலையோ நிறுத்தச் சொல்லும் வாசகம் எந்த டெம்ப்ளேட்டிலும் தாமாக அச்சாகக் கூடாது. அது இருதய மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. ரத்த அழுத்தம் 180/110-ஐத் தொட்டால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போடும் எச்சரிக்கை மட்டும் சிவப்பில் வந்தால் போதும். பத்து எச்சரிக்கை போட்டால் பத்தையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

எந்தப் பல்?

இந்தியாவில் பரவலாகப் புழங்குவது இரண்டு இலக்க எண் முறை: முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பது (1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது), இரண்டாவது நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. அமெரிக்க மென்பொருளில் 1 முதல் 32 வரை எண்ணும் முறை இருக்கும். '14' என்றால் நமக்கு மேல் வலது முதல் முன்கடைவாய்ப் பல், அவர்களுக்கு மேல் இடது முதல் கடைவாய்ப் பல். பக்கமே மாறிவிடுகிறது! மென்பொருளை நிறுவிய அன்றே அமைப்பைத் திறந்து இதைச் சரிபாருங்கள். லேப் ஸ்லிப்பிலும் எண்ணோடு 'மேல் வலது' என்று சொல்லாலும் அச்சாகட்டும்.

எண் முறை சரியாக இருந்தும் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. சிறு வயதிலேயே 46 போய்விட்ட வாயில் 47 முன்னால் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர் அதையே 46 என்று குறிப்பார். இன்னொருவர் எக்ஸ்ரேயைப் பார்த்து 47 என்பார். இரண்டு பதிவும் ஒரே பல்லைப் பற்றியவை, ஆனால் பில்லில் இரண்டு பற்கள். அதனால் பல் வரைபடத்தில் முதல் வேலை இல்லாத பற்களைக் குறிப்பது. அதை முடிக்காமல் சொத்தையைக் குறிக்க விடாதபடி டெம்ப்ளேட்டைப் பூட்டிவிடுங்கள். ஆறேழு வயதில் பால் பல்லும் நிலைப் பல்லும் கலந்திருக்கும் குழந்தைக்கு, பால் பற்களுக்கான 5, 6, 7, 8-இல் தொடங்கும் எண்களும் அதே திரையில் இருக்க வேண்டும்.

36-ஐ எடுத்துக்கொள்வோம்

கீழ் இடது முதல் கடைவாய்ப் பல்லில் வலியோடு ஒருவர் வருகிறார் என்று வைப்போம். முதல் கட்டத்தில் அவர் சொன்னதை அவர் வாயால் வந்தபடியே எழுத வேண்டும்: 'ஐஸ் தண்ணி குடிச்சா சுர்ருன்னு ஏறி, கொஞ்ச நேரம் நிக்குது, ராத்திரி தூங்க முடியல.' அதைக் 'கூச்சம்' என்று மொழிபெயர்த்துப் போட்டால் நோயறிதலில் பாதி போய்விடும். அடுத்து குளிர்ச் சோதனை: வலி வந்ததா என்பதோடு, குளிரை எடுத்த பிறகு எத்தனை விநாடி நீடித்தது என்று எண்ணாக. 30 விநாடியைத் தாண்டி நின்றால் நரம்பு மீளாத நிலைக்குப் போய்விட்டதாகவே சந்தேகிக்க வேண்டும். ஒப்பீட்டுக்குப் பக்கத்துப் பல்லையும் எதிர்ப்பக்கத்து 46-ஐயும் சோதித்து அவற்றின் விநாடியையும் குறியுங்கள். பிறகு தட்டிப் பார்த்தல், கடித்துப் பார்த்தல், ஈறுப் பையின் ஆழம் ஆறு இடங்களில், எக்ஸ்ரே.

இதற்குப் பிறகுதான் பலரும் விட்டுவிடும் கட்டம் வருகிறது: இந்தப் பல்லைத் திரும்பக் கட்ட முடியுமா? சொத்தையை நீக்கிய பின் ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சினால்தான் கேப் பிடித்து நிற்கும். இதைக் கேட்காமல் வேர் சிகிச்சையை முடித்துவிட்டு, கேப் போட வரும் நிபுணர் 'இதில் ஒன்றும் நிற்காது' என்று சொல்லும் நாளில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது கஷ்டம். வேர் சிகிச்சை டெம்ப்ளேட்டில் இந்தக் கட்டம் காலியாக இருந்தால் திட்டமே சேமிக்கப்படக் கூடாது.

வரிசைக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஈறு நோய்க்குச் சுத்தம் செய்து, வீக்கம் வடிந்து ஈறு எங்கே நிற்கிறது என்று குறைந்தது 4 முதல் 6 வாரம் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் கேப்புக்கு இறுதி அளவு எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈறு இறங்கி கேப்பின் ஓரம் வெளியே தெரியும். பல்லை வெளுப்பாக்கினால் 2 வாரமாவது பொறுத்து முன்பல் ஃபில்லிங் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டும் பிடிக்காது, நிறமும் பொருந்தாது. 48-ஐ (ஞானப் பல்) எடுக்க வேண்டியிருந்தால் 47-க்குப் புதுக் கேப் அதற்குப் பிறகு. இவற்றை 'முன் நிபந்தனை' என்று ஒரு பத்தியில் ஏற்றிவிட்டால், ரிசப்ஷனில் இருப்பவரும் தவறான தேதியில் அப்பாயின்ட்மென்ட் கொடுக்க மாட்டார்.

எதைத் தானியங்கியாக்கக் கூடாது என்பதும் முக்கியம். வேர் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தவுடன் கேப்பும் பில்லில் தாமாகச் சேர்வது வியாபாரத்துக்கு வசதி, மருத்துவத்துக்கு இல்லை. பக்கச் சுவர்கள் முழுதாக இருக்கும் முன்பல்லுக்கு பெரும்பாலும் நல்ல ஃபில்லிங்கே போதும். டெம்ப்ளேட் கேள்வியை எழுப்பட்டும், பதிலை டாக்டர் எழுதட்டும்.

ஒப்புதலுக்கு ஒற்றைக் கையெழுத்தை எல்லாவற்றுக்கும் வாங்கி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்குச் செல்லாது, ஒரு சிகிச்சைக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குச் செல்லாது, உயிர் காக்கும் அவசரம் மட்டுமே விலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 36-ஐத் திறந்தபோது அடிவரை விரிசல் தெரிந்தால், திட்டம் 'வேர் சிகிச்சை'யிலிருந்து 'பல் எடுத்தல்' ஆகிறது. அங்கே நிறுத்தி, புதிய வரி, புதிய நேரம், புதிய கையெழுத்து. பழைய வரியை அழிக்க முடியாதபடி மென்பொருள் பூட்டியிருக்க வேண்டும். திருத்தம் கீழே தேதியோடு சேரட்டும்.

தொடங்க ஆறு டெம்ப்ளேட் போதும்: வலி, சொத்தை, ஈறு, இல்லாத பல், குழந்தை, கிளிப். முதலில் பழைய கேஸ் ஷீட் இருபதை எடுத்து எது அடிக்கடி விடுபடுகிறது என்று பாருங்கள், அதுவே உங்கள் கட்டாயக் கட்டம். எக்செல் தாளிலேயே இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். வாரம் ஒரு முறை 'தொடங்கியது, முடியவில்லை' என்று வடிகட்டுங்கள். வலி போனதும் தற்காலிக ஃபில்லிங்கோடு காணாமல் போனவர்கள் அதில் வரிசையாக வருவார்கள். சில வாரங்கள்தான் அந்த அடைப்பு தாங்கும், அன்றே போன் போட வேண்டும்.

கடைசியாக, நோயாளி கையில் போகும் தாள். '36 ஆர்.சி.டி. + சிர்கோனியா' (வேர் சிகிச்சையும் சிர்கோனியா கேப்பும்) என்பது நமக்குள் பேசும் பாஷை. அவருக்கு இப்படி அச்சாகட்டும்:

கீழ் இடது பக்கம், முதல் கடைவாய்ப் பல். நரம்பு வரை சொத்தை போயிருக்கிறது. வேர் சிகிச்சை, 2 தடவை வர வேண்டும். பிறகு கேப், அதற்கும் 2 தடவை. வேறு வழி: பல்லை எடுப்பது. ஒன்றும் செய்யாவிட்டால்: வலி தானாகக் குறையலாம், ஆனால் சீழ் பிடிக்க வாய்ப்பு உண்டு. கேப் போடாமல் விட்டால்: பல் பிளக்கலாம். மொத்தச் செலவு, இன்று கட்ட வேண்டியது, இந்த விலை எந்தத் தேதி வரை.