வளைகாப்புக்கு முன் கணவனும் மனைவியும் பேச வேண்டியவை

மனநல ஆலோசனைக்கு வரும் கர்ப்பிணிகள் பெரும்பாலும் அம்மாவோடுதான் வருகிறார்கள். கணவர் வந்திருந்தாலும் வெளியே வண்டிப் பக்கம் நிற்பார். உள்ளே கூப்பிட்டால், "எனக்கு எதுக்கு மேடம், அவளுக்குத்தானே மனசு சரியில்ல?" என்பார். கோபத்தில் வரும் கேள்வி இல்லை இது. பிரசவம் என்றாலே பெண்கள் சமாச்சாரம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம், அதுதான் காரணம்.

நம் ஊர் வழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புகிறாள். நடுவில் கணவன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. இந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தியச் சோறு போடவும் ராத்திரியில் குழந்தையை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருப்பது பெரிய பாதுகாப்பு. ஆனால் மனநிலை அதிகம் ஆட்டம் காணும் வாரங்களில் கணவன் பக்கத்தில் இல்லை. அவள் திரும்பி வரும்போதோ, கூட இருந்த துணை ஒரே நாளில் குறைந்துவிடுகிறது. அதனால் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்திலேயே இருவரையும் சேர்த்து வரச் சொல்கிறேன். வளைகாப்பு முடிந்துவிட்டால் அப்புறம் இருவரும் ஒன்றாகக் கிடைப்பது கஷ்டம்.

வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழகக் கிராமப்புறப் பெண்களைக் கர்ப்பகாலத்திலிருந்து பின்தொடர்ந்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு 11 சதவீதப் பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதோடு தொடர்புள்ளவையாக அவர்கள் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் சுமுகமில்லாத உறவு, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது. ஹார்மோன் மாற்றத்துக்கும் பங்கு உண்டுதான். ஆனால் இந்தப் பட்டியலில் மாத்திரையால் தீர்கிற விஷயம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் இருவரோடும் சேர்ந்து பேசுவேன், பிறகு தனித்தனியாக. தனியாகப் பேசும்போதுதான் அடி, மிரட்டல், குடி எல்லாம் வெளியே வரும். அடிக்கிற வீட்டில் தம்பதி ஆலோசனை சரியான வழி இல்லை. அங்கே அவளுடைய பாதுகாப்புதான் முதல் வேலை. அதற்கு 181 மகளிர் உதவி எண் இருக்கிறது.

மற்றவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: பெண் பிறந்தால் உங்கள் வீட்டில் யார் என்ன சொல்வார்கள், அப்போது நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? கணவர்கள் பலர் "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நேரத்தில், "எனக்கு ரொம்ப சந்தோஷம்மா" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அவர் சொல்ல வேண்டும். கூச்சமாக இருக்கிறது என்றால் என் முன்னாலேயே ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்வேன். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சரி, சொல்கிறார்களே.

அடுத்தது தூக்கம். பெற்றவளுக்கு ராத்திரியில் நாலைந்து மணி நேரம் விடாத தூக்கம் கிடைக்க யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும். "எல்லாரும் பாத்துப்போம்" என்றால் கடைசியில் அவளேதான் பார்ப்பாள். அம்மா வீட்டில் இருக்கும்போது கணவன் செய்யக்கூடியது தினமும் ஒரு போன். "சாப்பிட்டியா, பாப்பா தூங்குதா" என்பதோடு வைத்துவிடாமல், "குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்கச் சொல்கிறேன். குழந்தை தூங்கியும், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தும், இவளுக்கு மட்டும் கண் மூடவில்லை என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு நடப்பது. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதைத் தாண்டியும் அழுகை, சலிப்பு, குழந்தை மேல் ஒட்டாமை, "நான் நல்ல அம்மா இல்ல" என்ற பேச்சு தொடர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி சோர்வைக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

"குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ" என்ற எண்ணம் திடீரென்று மின்னி மறைவது பல தாய்மாருக்கு உண்டு. அந்த எண்ணத்தால் அவளே நடுங்குவாள், மாடிப்படி பக்கமே போக மாட்டாள். அதைக் கேட்டதும் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டால், அடுத்த முறை அவள் வாயே திறக்க மாட்டாள். இது ஒரு ரகம். ஆனால் யாரோ காதில் பேசுகிறார்கள், இது என் குழந்தையே இல்லை, இதற்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்பிப் பேசுவது முற்றிலும் வேறு. ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வருகிறது. மந்திரிக்கக் கூட்டிப்போய் நாளைக் கடத்தாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. சாக வேண்டும் என்று சொன்னாலும் இதே அவசரம்தான்.

இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டறிய எடின்பரோ வினாத்தாள் என்று 1987-இல் வந்த ஒன்று உண்டு. கடந்த 7 நாள் மனநிலையைப் பற்றி 10 கேள்விகள், கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. நல்ல கருவிதான், ஆனால் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பத்துக்கும் "அதெல்லாம் இல்லங்க" என்றுதான் பதில் வரும்.

மாத்திரை என்றதும் வீடே மிரள்கிறது. பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன. ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவர் கர்ப்பம் தெரிந்ததும் தானாக நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பயப்படுவது. சில மருந்துகளை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதை மருத்துவர் மாற்ற வேண்டும். நோய் முற்றினால் சேர்க்கவும் இடம் உண்டு. பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துக் கவனிக்கும் பிரிவு இயங்குகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டமும் சொல்கிறது.

பிறகு, வெளியே வண்டிப் பக்கம் நிற்கிறவர்கள். குழந்தை பிறப்பதற்கு முன்னும் பின்னுமாகத் தந்தையரிலும் சுமார் 10 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வருவதாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அது உச்சத்தில் இருந்தது. நம் ஊரில் மனைவியும் குழந்தையும் வீடு திரும்புகிற மாதங்களும் அவைதான். ஆண்கள் அழுவதைவிட எரிந்து விழுவதுதான் அதிகம். வீட்டுக்கு லேட்டாக வருவார்கள், போனிலேயே மூழ்குவார்கள், குடி கூடும். கடனும் தூக்கமின்மையும் சேர்ந்திருக்கும். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இவர்களுக்கும்தான். கட்டணமில்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

குழந்தைக்குப் பதினாலாவது வாரத் தடுப்பூசி மூன்றரை மாதத்தில் வரும். அந்த நாளையே இருவரும் சேர்ந்து என்னிடம் வரும் நாளாகக் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்திலேயே குறித்துக் கொடுத்துவிடுகிறேன். எப்படியும் லீவு போட வேண்டிய நாள் என்பதால் கணவர்கள் பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள்.