கல்லீரல் செயலிழப்பு: காப்பீட்டு அட்டையை எப்போது வாங்குவது?

கல்லீரல் பழுதானவர் நள்ளிரவில் ரத்த வாந்தி எடுத்த பிறகுதான் பல வீடுகளில் காப்பீட்டு அட்டையின் நினைவே வருகிறது. அந்த நேரத்தில் வருமானச் சான்றுக்கு எங்கே அலைவது? சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிக் கெட்டிப்படும் நோய்) என்று மருத்துவர் சொன்ன வாரத்திலேயே அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

தமிழ்நாடு அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குச் செல்லுங்கள். நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். ஆனால் இது பெரும்பாலும் உள்நோயாளிகளுக்கானது. மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளுக்கு அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவே துணை. அட்டை இல்லாதவர்களையும் அரசு மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே அவசரத்தில் அட்டைக்காகக் காத்திருக்காதீர்கள்.

எது அவசரம்? ரத்த வாந்தியையும் கருநிற மலத்தையும் கண்டால் யாரும் பதறுவார்கள். எனக்குக் கவலை தருபவை, வீட்டார் கவனிக்காமல் விடுகிற அறிகுறிகள்தான். பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சுக் குழறுவது, நீட்டிய கை படபடவென ஆடுவது: கல்லீரல் வடிகட்டாத நச்சு மூளையைத் தாக்குவதன் அடையாளங்கள் இவை. வயதின் தடுமாற்றம் என்றோ, குடிப்பழக்கம் உள்ளவரானால் போதை என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள். மலச்சிக்கல்கூட இந்த நிலையைக் கிளப்பிவிடும். வயிற்றில் நீர் கோத்திருப்பவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் அந்த நீரில் கிருமித் தொற்று இருக்கலாம். சிறுநீர் குறைந்தால் சிறுநீரகமும் தளர்ந்துகொண்டிருக்கலாம். இவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாற்றுக் கல்லீரல் தேவை என்றால், வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோர் நெருங்கிய உறவினராகச் சட்டப்படி தானம் தரலாம். மற்றவர்கள் தருவதற்கு அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பராமரிக்கிறது. பெயரை மருத்துவமனையே பதியும். அறுவைச் சிகிச்சைக்குத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993.