முதலில் அந்த ஸ்ப்ரே டப்பாவைக் கீழே வையுங்கள்

போன வாரம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்தால் ஏழு கரப்பான் ஸ்ப்ரே டப்பாக்கள். அதில் ஐந்து காலி. "தினமும் படுக்கப் போகும் முன்னால் அடிக்கிறேன் சார். அடிக்க அடிக்கப் பெருகுதே தவிர குறையவே இல்லை" என்றார் அந்த அம்மா. பக்கத்து அறையில் அவருடைய ஆறு வயதுப் பையன் விடாமல் இருமிக்கொண்டிருந்தான். ஒரே மாதத்தில் நான் பார்த்த நான்காவது வீடு இது. பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் இத்தனை வருடம் இருந்தும் இதைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வீட்டுக்குள் தெரிவதெல்லாம் ஒரே கரப்பான் கிடையாது. பெரிய, செம்பழுப்பு நிறக் கரப்பான் பெரும்பாலும் சாக்கடைக் குழாய் வழியாக வரும். வடிகால் மூடியைச் சரிசெய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தொல்லை கொடுப்பது சின்னது. ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும். ஜெர்மன் கரப்பான் என்பார்கள். இது வெளியிலிருந்து வந்துபோகிற விருந்தாளி இல்லை. உங்கள் வீட்டிலேயே குடித்தனம் நடத்திக் குஞ்சு பொரிக்கிறது.

இப்போது ஸ்ப்ரே விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விளக்கைப் போட்டதும் ஓடுகிற கரப்பான்களை ஸ்ப்ரே கொல்லும். சரி. ஆனால் உங்கள் கண்ணில் படுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் இடுக்குக்குள் இருக்கின்றன. முக்கியமாக, முட்டைப் பையைச் சுமக்கும் பெண் கரப்பான் அதிகம் வெளியே வருவதில்லை. ஒரு பையில் 30 முதல் 40 முட்டைகள். அந்தப் பையின் ஓட்டைத் தாண்டி மருந்து உள்ளே போகாது. நீங்கள் பத்தைக் கொன்ற இரவிலேயே இடுக்குக்குள் நாற்பது பொரிந்திருக்கும்.

இன்னொன்று, ஸ்ப்ரேயின் வாடை அவற்றை விரட்டும். விரட்டினால் எங்கே போகும்? சமையலறையில் மட்டும் இருந்தது படுக்கையறை அலமாரிக்கும் டிவிக்குப் பின்னாலும் போய்விடும். "முன்பு இங்கே மட்டும்தான் இருந்தது சார்" என்று சொல்பவர்கள் எல்லோருமே தொடர்ந்து ஸ்ப்ரே அடித்தவர்கள்தான்.

அந்த வீட்டு டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். பெயர் வேறு, நிறம் வேறு, வாசனை வேறு. ஏழில் ஆறு டப்பாவில் இருந்தது ஒரே குடும்பத்து மருந்து, பைரெத்ராய்டு. மருந்தின் பெயர் 'த்ரின்' என்று முடிந்தால் பெரும்பாலும் அந்த வகைதான். இந்தச் சின்னக் கரப்பான்களில் பல கூட்டங்களுக்கு இந்த மருந்து பழகிவிட்டது. தாங்கிப் பிழைத்தவை இனம் பெருக்க, பிறக்கிற குஞ்சும் தாங்குகிறது. பிராண்டை மாற்றினால் மருந்து மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். புகை டப்பாவைத் திறந்துவைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போவதும் இதே கதைதான். புகை தரையிலும் மேசையிலும் படியுமே தவிர இடுக்குக்குள் நுழையாது.

பையனின் இருமலுக்கு வருகிறேன். கரப்பானின் எச்சமும் உரித்த தோலும் தூளாகிக் காற்றில் கலந்தால் ஆஸ்துமாவைத் தூண்டும். பூச்சி செத்த பிறகும் அந்தத் தூள் அங்கேயே கிடக்கும். அதற்கு மேல் தினமும் ஸ்ப்ரே நெடி வேறு. பையனை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். அப்படியே, "வீட்டில் கரப்பான் இருக்கிறது, தினமும் ஸ்ப்ரே அடிக்கிறோம்" என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன்.

அடுத்து ஃபிரிட்ஜை இழுத்துப் பார்த்தோம். மூன்று வருடமாக யாரும் நகர்த்தியதில்லையாம். பின்பக்கத் தட்டில் தண்ணீர், மோட்டார் சூடு, இருட்டு. கரப்பான் அத்தனையும் அங்கேதான் இருந்தன. உணவில்லாமல் இந்தக் கரப்பான் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு வாரம் தாண்டுவதே கஷ்டம். பலரும் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, சொட்டுகிற குழாயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். படுக்கும் முன் சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத் துணியைப் பிழிந்து உலர்த்துங்கள். ஒழுகும் குழாயை இன்றே சரிசெய்யுங்கள்.

அட்டைப்பெட்டிகளைச் சேர்த்துவைக்காதீர்கள். பொருளை எடுத்ததும் பெட்டி வெளியே போகட்டும். அதன் மடிப்புகளில்தான் முட்டைப் பை வீட்டுக்குள் வருகிறது. பழைய ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் வாங்கினால் வாசலிலேயே வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்து ஓட்டையை அடைத்துவிடுங்கள். 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், சுண்டெலிக்கு அது வாசல்.

எங்கே குடியிருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒட்டும் அட்டைகளை நாலைந்து மூலைகளில் வைத்துக் காலையில் எண்ணுங்கள். எதில் அதிகமோ அதன் பக்கத்தில்தான் கூடு. அங்கே கரப்பான் தின்பதற்கென்று விற்கும் ஜெல் மருந்தைக் கடுகளவு கடுகளவாக வையுங்கள். தின்ற கரப்பான் இடுக்குக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் தயவுசெய்து ஸ்ப்ரே அடிக்காதீர்கள். வாடை பட்டால் ஒரு கரப்பான்கூட அதைத் தொடாது. நாங்கள் வைத்துவிட்டு வந்த மறுநாளே அடித்துவிட்டு, "உங்கள் மருந்து வேலை செய்யவில்லை" என்று ஃபோன் செய்பவர்கள் எத்தனை பேர்!

மூட்டைப்பூச்சி வந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். அது அழுக்கால் வருவதில்லை, பயணப் பெட்டியிலும் பழைய மெத்தையிலும் ஏறி வருகிறது. மறைத்த ஒவ்வொரு வாரமும் அதற்குத்தான் லாபம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தானியக் கிடங்குக்கென்று இருக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைப்பூச்சிக்கோ எலிக்கோ வீட்டுக்குள் வைக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும். சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். யாராவது கொண்டுவந்து கொடுத்தால், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், வாங்காதீர்கள்.

அப்புறம், எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டால் நாங்கள் வருவதற்கு முன் ஸ்ப்ரே அடித்து வீட்டைத் 'தயார்' செய்யாதீர்கள். செத்த பூச்சியைக்கூட ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். என் வேலையில் பாதியை அந்தத் தாளே முடித்துவிடும்.