தக்காளி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

மார்ச் பிறந்துவிட்டால் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்து மாடித்தோட்டங்களிலிருந்து எனக்குப் படங்கள் வரத் தொடங்கும். எல்லாம் தொங்கிப்போன தக்காளிச் செடிகள். "காலையும் சாயங்காலமும் ஊத்துறேன், அப்படியும் வாடுது" என்பார்கள். பல செடிகள் அந்தத் தண்ணீராலேயே போயிருக்கும்.

நல்ல வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் தக்காளி இலை தொங்குவது இயல்பு. வேர் எடுத்துக் கொடுப்பதைவிட இலை வேகமாக நீரை இழக்கிறது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பொறுங்கள். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும்.

மண் ஈரமாக இருந்தும் மறுநாள் காலையில் செடி நிமிரவில்லை, இலையோ பச்சையாகவே இருக்கிறது என்றால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். தரையை ஒட்டித் தண்டை அறுத்து, ஒரு துண்டை எடுத்து, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த தண்ணீரில் அதன் நுனி மட்டும் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்நிற இழை மெல்லக் கீழே இறங்கினால் அந்த நோய்தான். மருந்தடித்து அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. வேரோடு எடுத்து அழியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள், கத்தியைக் கழுவுங்கள். அதே மண்ணில் தக்காளி மட்டுமல்ல, கத்தரி, மிளகாயும் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம்.

இரண்டு பருவமழையும் கொட்டும் நம் மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கத்து அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில், இந்தக் கிருமிக்கு நல்ல வசதி. அதனால் ரகத்தைப் பார்த்து வாங்குவதுதான் உண்மையான பாதுகாப்பு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் ஆகியவை இந்த வாடலைத் தாங்குபவை. வாடலைத் தாங்கும் கத்தரியின் வேர்ப்பகுதியில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று கிடைத்தால் இன்னும் நல்லது.

பூ உதிர்வது வேறு கதை. தக்காளி காய் பிடிக்க இரவு குளிர வேண்டும். 15 முதல் 21 டிகிரி வரை இருந்தால் அதற்கு உகந்தது. நம் ஏப்ரல் இரவு அதைக் கொடுக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நாற்றை நட்டுவிட்டால் கோடைக்கு முன்பே பறித்துவிடலாம்.

சரி, ரோஜா. வெயிலை அது ஓரளவு தாங்கும். இரவெல்லாம் நனைந்து கிடக்கும் இலையைத் தாங்காது, கரும்புள்ளி வந்துவிடும். காலையில் அடிமண்ணில் மட்டும் ஊற்றுங்கள். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் வறண்ட காற்றில் செம்பேன் சேரும். வெளிறிய இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் புள்ளிகள் ஊர்வது தெரியும். அப்போது மட்டும் காலை வேளையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம்; வெயிலில் காய்ந்துவிடும்.

வண்டியில் விற்கும் ரோஜாவை வாங்கினால் வேரைச் சுற்றியுள்ள களிமண் உருண்டையைப் பாருங்கள். அதை அப்படியே தொட்டியில் வைத்தால் சுற்றியுள்ள மண் நனையும், உருண்டை உள்ளே காய்ந்தே கிடக்கும். ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள், செடி வாடிக்கொண்டே இருக்கும். நடும்முன் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறாமல் களிமண்ணைக் கரைத்துவிடுங்கள். ஒரு வாரம் நிழல். இந்த வேலையை ஏப்ரல், மே மாதங்களில் செய்யாதீர்கள். தென்மேற்குச் சாரல் தொடங்கட்டும்.